“அந்தக் குழந்தை எங்கே போச்சு?”: சாதாரணப் பார்வையாளர் அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், எங்கள் அணித் தோழர்களுக்கும், அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

“ஒரு திரைப்படத்தைச் சரியாக எடை போடுபவர் விமர்சகரா, சாதாரணப் பார்வையாளரா?” இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், பார்வையாளருக்குச் சினிமாவின் மொழி தெரியாது என்றார். கூட்டம் விளம்பரத்துக்குப் பின்னால் ஓடும் என்றார். நல்ல படத்தைக் காலம் கடந்து காப்பாற்றுபவர் விமர்சகர்தான் என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் முதலில் என் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அக்கா ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். மாதத்துக்கு ஒரு படம் பார்த்தால் அதிகம். எந்த நடிகருக்கும் ரசிகை கிடையாது. இயக்குநர் பெயரைக் கேட்டால் பாதி நேரம் தெரியாது. ஒருமுறை இருவரும் ஒரு பெரிய படத்துக்குப் போயிருந்தோம். அப்பாவைக் கொன்றவர்களை மகன் தேடிப் போய்ப் பழிவாங்கும் கதை. படம் முடிந்து படியிறங்கி வருகிறோம். சுற்றிலும் சண்டைக் காட்சியைப் பற்றித்தான் பேச்சு. அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் வந்தார். வண்டியை எடுக்கும்போது கேட்டார்: “அந்தக் குழந்தை எங்கே போச்சு?”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. முதல் பாதியில் நாயகனின் தங்கை மகள் ஒருத்தி வருவாள். ஐந்தாறு வயது இருக்கும். “மாமா, ராத்திரி வந்துடுவல்ல?” என்று கேட்டு, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே நிற்பாள். வந்துவிடுவேன் என்பான் அவன். இடைவேளைக்குப் பிறகு அந்தக் குழந்தை படத்தில் இல்லை. வீடு எரிகிறது, பாட்டி தப்பிக்கிறார், கடைசியில் குடும்பமே சேர்ந்து நிற்கிறது. குழந்தையை மட்டும் யாரும் தேடவில்லை. அன்று இரவு அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒளிப்பதிவைப் பற்றி எழுதியிருந்தார்கள். வில்லனின் உடல்மொழியைப் பற்றி ஒரு பத்தியே இருந்தது. நான் படித்த எதிலும் குழந்தை இல்லை.

ஐயா, அதைச் சின்னக் குறை என்று தள்ள முடியாது. ராத்திரி வந்துவிடுவேன் என்று சொன்னவன் வந்தானா இல்லையா என்பதுதான் அந்தக் கதையின் உயிர். அதை இயக்குநர் மறந்துவிட்டார். அதனால்தான் கடைசி அரை மணி நேரம் எவ்வளவு ரத்தம் சிந்தியும் நமக்குள் ஒன்றும் அசையவில்லை. அக்காவின் பேச்சில் திரைக்கதை என்ற சொல்லே வராது. ஆனால் திரைக்கதை எந்த இடத்தில் முறிந்தது என்று அவர்தான் விரல் வைத்துக் காட்டினார்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு படம் பார்ப்பவர் மனசுக்குள் நடந்தாக வேண்டும். அது நடந்ததா இல்லையா என்று கேட்க வேண்டுமானால், அந்த மனசுக்குச் சொந்தக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

சினிமாவின் மொழி தெரியாது என்றாரே தலைவர், அதை எடுத்துக்கொள்கிறேன். படம் விட்டு வெளியே வரும்போது கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். “ரெண்டாவது பாதி இழுவை.” “ஹீரோயின் எதுக்குன்னே தெரியல.” “லாஜிக் இடிக்குது.” “ஒட்டவே இல்லப்பா.” “ஒருதடவை பார்க்கலாம்.” இவற்றையெல்லாம் வெறும் அபிப்பிராயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. இழுவை என்றால் என்ன? ஒரு காட்சி தன் வேலையை முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். படத்தொகுப்பு மேசையில் நாள் முழுக்கப் பேசுவதும் இதைத்தானே? ஹீரோயின் எதற்கு என்று கேட்பவர், இந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கிறது என்று சொல்கிறார். எழுத்தாளர் தன்னைத் தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

“ஒட்டவில்லை” என்ற சொல்லைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். நடிகர் அழுகிறார், இசை அழுகிறது, ஆனால் எனக்கு அழுகை வரவில்லை என்கிறார் பார்ப்பவர். அழுவதற்கான காரணத்தை முன்கூட்டியே எனக்குள் விதைக்கவில்லை என்று புகார் சொல்கிறார். அப்புறம் “ஒருதடவை பார்க்கலாம்.” ஐந்துக்கு இரண்டே முக்கால் நட்சத்திரம் என்பதைவிட எனக்கு இது தெளிவாகவே படுகிறது. உன் நேரம் வீண் போகாது, ஆனால் மறுபடி அந்தப் பக்கம் போக உனக்குத் தோன்றாது. இதற்கு மேல் என்ன துல்லியம் வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன். எனக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் பார்க்கும் பழக்கம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் திரையோடு சேர்த்து மொத்த அரங்கமும் தெரியும். எங்கேயாவது ஒரு செல்போன் வெளிச்சம் எழுந்தால் கண்ணில் படும். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். வெளிநாட்டில் கோடிகளைக் கொட்டி எடுத்த ஒரு டூயட் பாட்டு. முதல் சரணத்தில் மூன்று வெளிச்சம், பாட்டு முடிவதற்குள் பதினொன்று. அதே படத்தில் கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெரியவர் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். அவருடைய கண்ணாடி அந்த அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். வசனமும் இல்லை, இசையும் இல்லை. அரங்கத்தில் ஒரு வெளிச்சம்கூட எழவில்லை. எனக்கு முன்வரிசையில் பையைத் திறந்த ஒரு பெண், கையை உள்ளே விட்டபடியே அப்படியே நின்றுவிட்டார்.

யாரும் அவர்களைக் கவனிக்கச் சொல்லவில்லை. அது யதார்த்தவாதம் என்றோ மௌனத்தின் அழகியல் என்றோ பாடமும் எடுக்கவில்லை. எது உண்மை, எது பகட்டு என்று அந்த இருட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. மொழி தெரியாதவர்கள் செய்கிற காரியமா இது?

சரி, விளம்பரத்துக்கு வருகிறேன். மோசமான படம்கூட முதல் மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகிறதே, இதுதான் உங்கள் பார்வையாளரின் ரசனையா என்று எதிரணித் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் தம்பி, முதல் நாள் டிக்கெட் எடுப்பவர் இன்னும் படத்தைப் பார்க்கவில்லையே! அவர் பார்த்தது போஸ்டரும் டிரெய்லரும்தான். முதல் வார வசூலில் பெரும்பகுதி, படம் பார்க்காதவர்கள் எடுத்த முடிவு. பார்த்தவர்களின் தீர்ப்பு இரண்டாவது வாரத்திலிருந்துதான் வருகிறது. பார்த்தவர் அடுத்தவரிடம் என்ன சொன்னார் என்பது அப்போதுதான் கணக்கில் ஏறும். வசூலையும் பார்வையாளர் கருத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் வந்த வினை இந்தக் குற்றச்சாட்டு.

இதற்குச் சாட்சி வேண்டுமா? ‘ஷோலே’ 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. தொடக்கத்தில் வந்த விமர்சனங்கள் சாதகமாக இல்லை. அரங்கிலும் பெரிய ஆரவாரம் இல்லை. படம் எடுத்தவர்களே முடிவை மாற்றிப் படமாக்கலாமா என்று யோசித்தார்கள். அப்புறம் பார்த்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். வசனங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே மறுபடியும் போனார்கள். பம்பாய் மினர்வா தியேட்டரில் அது ஐந்து ஆண்டுகள் ஓடியது. ஐந்து ஆண்டுகள் ஒரு படத்தை ஓட வைக்க எந்த விளம்பரத்தால் முடியும்?

‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்காவில் 1994இல் வெளியானபோது, செலவான இரண்டரைக் கோடி டாலரைக்கூட முதல் சுற்றில் எடுக்கவில்லை. விமர்சகர்கள் அதைப் பாராட்டினார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பாராட்டு அரங்கை நிரப்பவில்லை. அடுத்த ஆண்டு வீடியோ கேசட்டிலும், பிறகு கேபிள் தொலைக்காட்சியிலும் தற்செயலாகப் பார்த்தவர்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் பொதுமக்கள் மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் 250 படங்களில் 2008 முதல் அதுதான் முதலிடம். மதிப்பெண் போட்டவர்கள் 25 லட்சத்துக்கும் மேல்.

இப்போது காலம் கடந்து காப்பாற்றுவது யார் என்ற விஷயம். எதிரணித் தலைவர் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைச் சொன்னார். வெளிநாட்டு விமர்சகர்களும் விழாக்களும் இல்லையென்றால் அந்தப் படம் இன்று இருக்குமா என்று கேட்டார். 1956 கான் திரைப்பட விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. அந்த விருதின் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1955 ஆகஸ்டில், அந்தப் படம் கல்கத்தாவில் வெளியாகிவிட்டது. முதல் சில நாள் கூட்டம் இல்லை. அடுத்த ஓரிரு வாரத்துக்குள் அரங்கம் நிரம்ப ஆரம்பித்தது. கான் விருதைக் கேள்விப்பட்டு யாரும் வரவில்லை, ஏனென்றால் விருது அப்போது வந்திருக்கவே இல்லை. முந்தின காட்சியைப் பார்த்தவர் சொல்லித்தான் அடுத்த காட்சிக்கு ஆள் வந்தார்.

அதே படம் 1958இல் நியூயார்க்கில் வெளியானபோது, அந்நாளில் அமெரிக்காவின் செல்வாக்குமிக்க விமர்சகர்களில் ஒருவரான பாஸ்லி கிரௌதர் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதினார். படத்தின் கட்டமைப்பு தளர்வாக இருக்கிறது, ஓட்டம் மந்தமாக இருக்கிறது, ஹாலிவுட் படத்தொகுப்பாளர்களிடம் இது செப்பனிடாத முதல் தொகுப்பாகத் தேறுவதே கஷ்டம் என்ற பொருளில் எழுதினார். நியூயார்க்கில் படம் மாதக்கணக்கில் ஓடியது. மழையில் நனையும் சிறுமி துர்காவைப் பார்க்க, அந்த ஊரையும் மொழியையும் அறியாத மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு அந்த மந்தம் தடையாக இருக்கவில்லை.

பொறுமை வேண்டிய படங்களைப் பார்வையாளர் கைவிட்டுவிடுவார் என்று ஒரு குறையும் சொல்லப்பட்டது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யை விடப் பொறுமை கேட்கும் படம் உண்டா? முதல் இருபது நிமிடத்துக்கு மேல் வசனமே கிடையாது. 1968 ஏப்ரலில் அது திரையிடப்பட்டபோது நியூயார்க்கின் முக்கியமான விமர்சகர்கள் பலர் சலிப்பு என்றார்கள். குப்ரிக்கே சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் இளைஞர்கள். திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். முழுசாகப் புரிந்ததா என்று கேட்டால் புரியவில்லை என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஏதோ ஒன்று தங்களுக்கு நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் விமர்சகரின் தீர்ப்பு நிலையானதா? பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி உலகின் சிறந்த படத்தை அறிவிக்கிறது. முதலில் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் ‘சிட்டிசன் கேன்’. 2012இல் ‘வெர்டிகோ’. 1958இல் வெளியானபோது கலவையான விமர்சனம் வாங்கிய படம்தான் இந்த ‘வெர்டிகோ’. 2022இல் முதலிடத்துக்கு வந்த ‘ஜான் டீல்மான்’ முந்தைய வாக்கெடுப்பில் முதல் முப்பதுக்குள்கூட இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மனிதர்கள் மாறுவார்கள், ரசனையும் மாறும். ஆனால் பார்வையாளர் மாறினால் நிலையில்லாத கூட்டம், விமர்சகர் மாறினால் ரசனையின் வளர்ச்சி என்று இரண்டு தராசு வைக்காதீர்கள்.

எண்கள் விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. விமர்சனங்களைத் திரட்டிச் சதவீதம் போடும், 1998இல் தொடங்கிய ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் ஒரு படத்துக்கு 95 சதவீதம் என்று பார்த்தவுடன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மார்க் என்று நினைத்துக்கொள்கிறோம். அது மார்க் இல்லை. எத்தனை விமர்சகர்கள் மொத்தத்தில் சாதகமாக எழுதினார்கள் என்ற கணக்கு. நூறு பேரும் “பரவாயில்லை, மோசமில்லை” என்று எழுதினால் நூறு சதவீதம். அறுபது பேர் “வாழ்நாளில் மறக்க முடியாத படம்” என்றும் நாற்பது பேர் “பிடிக்கவில்லை” என்றும் எழுதினால் அறுபதுதான். யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத படம் மேலே உட்காரும், சிலருக்கு உயிராக இருக்கும் படம் கீழே கிடக்கும். என் அக்காவிடம் கேட்டால் இந்தக் குழப்பமே வராது. எனக்குப் பிடித்தது, இதனால் பிடித்தது, உனக்குப் பிடிக்காது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

எதிரணி சொன்னதில் எனக்கு உறைத்த ஒரு வாதம் உண்டு. ‘பிளேட் ரன்னர்’ என்ற ஹாலிவுட் படம் பற்றியது அது. 1982இல் வெளியீட்டுக்கு முன் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள், குழப்பமாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள், அதனால் நாயகன் குரலில் விளக்கமும் மகிழ்ச்சியான முடிவும் சேர்க்கப்பட்டு அந்தப் படம் கெட்டது, 1992இல் அவற்றை நீக்கிய பிறகுதான் அதன் மதிப்பு தெரிந்தது என்றார்கள். தகவல் சரி. ஆனால் அந்த விளக்கக் குரலைக் கேட்டது பார்வையாளரா? அவர்கள் சொன்னது புரியவில்லை என்பது மட்டும்தான். வலிக்கிறது என்று நோயாளி சொல்கிறார். எந்த மருந்து என்று முடிவு செய்வது வைத்தியர். மருந்து தவறாகப் போய்விட்டால் வலிக்கிறது என்று சொன்னவர் மேலா பழி போடுவது? வலிக்கிற இடமும் வேர் பிடித்த இடமும் வேறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இயக்குநர் இருக்கிறார். வலியே பொய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

விமர்சகரே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. நானும் படிக்கிறேன். ஒரு நல்ல விமர்சனம், நான் உணர்ந்து சொல்லத் தெரியாமல் இருந்த ஒன்றுக்குப் பெயர் கொடுக்கும்போது சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்தச் சந்தோஷம் எப்படி வருகிறது? நான் முதலில் உணர்ந்திருந்ததால்தானே? உணராத ஒன்றை யார் எழுதினாலும் எனக்குள் ஏற்றிவிட முடியாது. அப்புறம், விமர்சகர் பாவம், படம் வெளியான அன்றே எழுதியாக வேண்டும். நேற்று ஒரு படம், இன்று இரண்டு, நாளை ஒன்று. எனக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு படம் பத்து நாள் கழித்துப் பல் துலக்கும்போது நினைவுக்கு வந்தால், அப்போதுதான் அது நல்ல படம் என்று எனக்குத் தெரிகிறது. அந்தப் பத்து நாளை எந்த விமர்சகருக்கும் யாரும் கொடுப்பதில்லை.

கடைசியாக என் அம்மா. ‘அன்பே சிவம்’ 2003 ஜனவரியில் வந்தது. தியேட்டரில் ஓடவில்லை. இன்று அதைத் தங்களுக்குப் பிடித்த படம் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான். அம்மாவும் அப்படித்தான். அந்தப் படம் ஓடும்போதெல்லாம் துணி மடித்துக்கொண்டே பார்ப்பார். ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு மாதவன் ரத்தம் கொடுத்தும், அந்தப் பையன் ஆம்புலன்ஸில் போகும் வழியிலேயே இறந்துபோகும் காட்சி வரும். அம்மாவின் கை நின்றுவிடும். பாதி மடித்த சட்டை மடியிலேயே கிடக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நிற்கும்.

ஒருநாள் ஏன் என்று கேட்டேன். அம்மா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொன்னார்: “இவ்வளவு நேரம் அவன் தன்னைப் பத்தி மட்டும்தான் பேசிட்டு வந்தான். இப்போ பேருகூடத் தெரியாத பிள்ளைக்காக அழறான் பாரு. இங்கதான் அவன் மாறினான். கமல் சொல்லி மாறல.”

நடுவர் ஐயா, அந்தப் படத்தைப் பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். கொள்கை பற்றி, வசனம் பற்றி, ஒப்பனை பற்றி. படம் எந்த நொடியில் திரும்புகிறது என்று இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னவர் அம்மாதான். நீங்கள் தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் மூன்றாவது முறையாகப் பார்த்த ஒரு படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை அதைப் பார்க்கச் சொல்லி உங்களிடம் வந்தவர் யார், அந்த முகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் பேனாவைத் திறங்கள்.

நன்றி, வணக்கம்.